எஞ்சினில் எந்தத் தண்ணீர் ஒழுகுகிறது?

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாக விழிஞ்ஞம் இருக்கிறது. அங்கே ஒரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கடல் கொந்தளிக்கும். பக்கத்துக் கடற்கரைகளில் வள்ளத்தை இறக்குவது கடினம். அலை திருப்பி அடிக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பலர் வள்ளத்தோடு விழிஞ்ஞத்துக்கு வந்துவிடுவார்கள். இங்கே அலைத் தடுப்புச் சுவர் இருக்கிறது.

அந்த மாதங்களில் கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை. வள்ளங்களுக்குத் தடை இல்லை. ஆகவே மழைக்காலம்தான் வள்ளக்காரர்களுக்குச் சம்பாத்தியக் காலம். கடல் மோசமாக இருப்பதும் அதே காலம்தான். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? துடுப்புப் போட்டுக் கரை சேர முடியாது. காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான்.

எஞ்சின் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று தண்ணீர். தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போனால் எஞ்சின் கெடும். போக வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டாலும் கெடும். பழைய எஞ்சினில் இந்தத் தொல்லை அதிகம்.

வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினை அவுட்போர்டு எஞ்சின் என்கிறார்கள். 1980-க்குப் பிறகு கேரளக் கடற்கரையில் இது வேகமாகப் பரவியது. பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள். பெட்ரோலில் கிளப்புவார்கள். சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 9.9 குதிரைசக்தி எஞ்சினைப் பல வள்ளங்களில் பார்க்கலாம். அதற்கு இரண்டு சிலிண்டர். இந்தப் பாடம் அப்படிப்பட்ட எஞ்சினைப் பற்றியது.

தண்ணீர் போகும் வழி

மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காற்று ஆற்றுகிறது. அவுட்போர்டு எஞ்சினைக் கடல் தண்ணீர் ஆற்றுகிறது.

எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தக் காலில், விசிறிக்குக் கொஞ்சம் மேலே, சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அதன் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும். உள்ளே ஒரு ரப்பர்ச் சக்கரம் சுற்றுகிறது. அதன் பெயர் இம்பெல்லர். அதுதான் பம்பு. அது தண்ணீரை ஒரு நீண்ட குழாய் வழியாக மேலே தள்ளும். மேலே சிலிண்டரைச் சுற்றிலும், சிலிண்டர் ஹெட்டிலும் தண்ணீர் ஓட வழி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் அங்கே சுற்றி, சூட்டை எடுத்துக்கொள்ளும். பிறகு புகையோடு சேர்ந்து கீழே இறங்கிக் கடலில் விழும்.

அதில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும். சின்னப் பையன் மூத்திரம் போவது மாதிரி என்று கடற்கரையில் சிரிப்பார்கள். இதைப் பார்த்து, "எஞ்சின் ஒழுகுகிறதே!" என்று பயந்தவர்களும் உண்டு. இது ஒழுக்கு அல்ல. இது ஒழுக வேண்டிய தண்ணீர். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம்.

இந்தத் தண்ணீர் நின்றால்தான் பயப்பட வேண்டும். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். "கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால், சிலிண்டர் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். கேஸ்கட் எரிந்துவிடும். ஹெட் வளைந்துவிடும்.

நிறுத்திய பிறகு முதலில் கீழே உள்ள துளைகளைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கலாம். பாசி அடைத்திருக்கலாம். அது சரி என்றால், தண்ணீர் பீய்ச்சும் துளைக்குள் ஒரு துண்டுத் தங்கூசியை விட்டுக் குத்திப் பார்க்கலாம். பல நேரம் உப்புக் கட்டிதான் அடைத்திருக்கும். குத்தினால் திறந்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் இம்பெல்லர்தான்.

இம்பெல்லர் ரப்பர். மணல் பட்டால் தேயும். சேறு பட்டால் தேயும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற ஊர்களுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான மக்களைத் தூக்கி வந்து கரை சேர்த்தார்கள். அந்த வெள்ளத்தில் சேறும் குப்பையும்தான் நிறைய. எஞ்சின் குடித்ததும் அந்தச் சேற்றுத் தண்ணீரைத்தான். அப்படி ஓடிய எஞ்சினில் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்காமல் திரும்பக் கடலுக்குப் போகக் கூடாது. சாதாரணமாகத் தொழிலுக்குப் போகும் எஞ்சினுக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது புது இம்பெல்லர் போடுவது நல்லது.

இன்னொன்று. கரையில் வைத்து, தண்ணீர் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். "கொஞ்ச நேரம்தானே" என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் உரசி எரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு

சில எஞ்சினில் இம்பெல்லர் புதிதாக இருக்கும். துளையில் அடைப்பு இருக்காது. ஆனாலும் தண்ணீர் மெலிதாகத்தான் பீய்ச்சும். எஞ்சின் சூடேறும். புது மெக்கானிக்குகள் இதில் குழம்பிப்போவார்கள்.

காரணம் பெரும்பாலும் அந்த நீண்ட குழாய். குழாயின் மேல் முனையும் கீழ் முனையும் ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பழைய எஞ்சினில் அந்த ரப்பர் கல்லாக இறுகிவிடும். வெடிப்பு விடும். பம்பு தள்ளும் தண்ணீரில் பாதி அந்த வழியாகக் காலுக்குள்ளேயே ஒழுகிக் கடலுக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. இம்பெல்லர் மாற்றக் காலைக் கழற்றும்போதே இந்த ரப்பர்களையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தால் சரி. இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். சின்னச் சாமான்தான். ஆனால் இதைப் பார்க்காமல் மூன்று இம்பெல்லர் வாங்கியவர்கள் உண்டு.

வெளியே தெரியும் ஒழுக்கு

எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக உப்புக் கோடு தெரிகிறதா? அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது? அங்கேதான் ஒழுகுகிறது. தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு காயாமல் அடையாளம் காட்டும்.

அடையாளம் பார்த்த பிறகு உப்பை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிறைத்து, எஞ்சினின் காலை அதில் இறக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்க வேண்டும். பிறகு எஞ்சினை மெதுவாக ஓட விட்டுப் பார்க்கலாம். டார்ச் லைட் அடித்தால் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அடைத்த அறையில் புகை ஆளைக் கொல்லும். சுற்றுகிற சக்கரத்தின் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது.

ரப்பர்க் குழாயில் ஒழுகினால் வேலை சுலபம். வெடித்த முனையை வெட்டிவிட்டு, புது கிளிப் போட்டு இறுக்கலாம். குழாய் முழுவதும் இறுகியிருந்தால் புதுக் குழாய் போட வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியில் ஒழுகினாலும் பெரிய வேலை இல்லை. தெர்மோஸ்டாட் என்பது சூடானால் திறக்கும் ஒரு சின்னக் கதவு. அதையும் அப்போதே சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் அது உதவாது.

ஹெட்டின் ஓரத்தில் ஒழுகினால் வேலை பெரிது.

ஹெட் கேஸ்கட் போன கதை

ஒரு மழைக்காலத்தில் ஒரு வள்ளக்காரரின் எஞ்சின் காலையில் கிளம்ப மறுத்தது. கயிறு இழுக்கவே வரவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டது போல் இருந்தது. அவர் பலமாக இழுக்கப் போனார். பக்கத்தில் பட்டறை வைத்திருந்த வயதான மெக்கானிக் ஓடி வந்து தடுத்தார்.

"இழுக்காதே தம்பி! உள்ளே தண்ணி நிக்குது. பலமா இழுத்தா ராடு வளைஞ்சிரும்."

"தண்ணி எப்படி உள்ளே போகும் அண்ணே? மூடிதான் போட்டிருக்கே!"

"மேல இருந்து போகல்ல. பக்கத்துல இருந்து போயிருக்கு."

மெக்கானிக் இரண்டு பிளக்கையும் கழற்றினார். ஒரு பிளக் கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தது. அது சரியான பிளக். இன்னொன்று கழுவி வைத்தது போல் பளபளத்தது. ஓரத்தில் துரு. அந்த சிலிண்டரில்தான் தண்ணீர். அவர் பிளக் ஒயர்களை ஒதுக்கி இரும்போடு சேர்த்து வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கயிற்றை மெதுவாக இழுத்தார். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. வள்ளக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டருக்கும், அதைச் சுற்றியுள்ள தண்ணீர் வழிக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் இருக்கிறது. அது ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் நெருப்பு. மறுபக்கம் உப்புத் தண்ணீர். எஞ்சின் ஒரு முறை அதிகமாகச் சூடானால் அந்தத் தகடு எரிந்து வழி விட்டுவிடும். ஓடும்போது தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். வெள்ளைப் புகை வரும். இழுவை குறையும். நிறுத்தி வைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். உப்புத் தண்ணீர் நின்றால் பேரிங்கில் துரு ஏறும். பிறகு கேஸ்கட் செலவு எஞ்சின் செலவாக மாறிவிடும்.

கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மெக்கானிக் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டார். துரு பிடிக்காமல் இருக்க அது. பிறகு ஹெட்டில் இருந்த போல்ட்டுகளைச் சுற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டார். விட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன அண்ணே, கழற்றல்லியா?"

"நாளைக்கு. ராத்திரி முழுக்க ஊறட்டும்."

வள்ளக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மழை மாசம் அண்ணே. ஒரு நாள் போனா ஒரு நாள் சோறு போச்சு. ஸ்பேனர்ல ஒரு பைப்பை மாட்டி ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தா வந்திராதா?"

"வரும். பாதி போல்ட் வரும். மீதிப் பாதி உள்ளேயே இருக்கும்."

வள்ளக்காரரின் மனைவியும் அங்கே வந்திருந்தார். அவர் மீன் சுமந்து விற்பவர். கணக்கு அவர் கையில்தான். "ஒரு நாளைக்கு அப்பச்சன் வள்ளத்துல ஆளாப் போய்ட்டு வாங்க. இது இங்கே இருக்கட்டும்" என்றார். அது அன்றைக்குத் தீர்ந்தது.

மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு. எஞ்சின் உடல் அலுமினியம். போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் இறங்கினால் அலுமினியம் அரிக்கும். வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவு போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழைய எஞ்சினைத் திறப்பதில் பாதி வேலை இந்த போல்ட்டுகளோடுதான். முறிந்த போல்ட்டைத் துளை போட்டு எடுப்பதற்கு ஒரு நாள் போதாது. துளை கொஞ்சம் சாய்ந்தால் எஞ்சின் உடலே வீணாகும்.

மறுநாள் அவர் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பிறகு ஸ்பேனரைப் போட்டார். முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பினார். பிறகு கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத்தான் கழற்றினார். ஒன்று மட்டும் அசையவில்லை. பெட்ரோல் கேன், மண்ணெண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் தூரத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். எண்ணெய்ப் பசையைத் துடைத்தார். போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை விளக்கு நெருப்பால் சூடு காட்டினார். அலுமினியம் இரும்பை விட அதிகமாக விரியும். பிடி தளர்ந்தது. போல்ட் வந்தது.

போல்ட்டுகளை எங்கே வைப்பது? எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டால் எது எங்கே என்று தெரியாது. சில போல்ட் நீளம், சில குட்டை. நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி நிற்கும். ஹெட் இறுகாது. மெக்கானிக் ஓர் அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்தார். போல்ட் வரும் இடங்களில் துளை போட்டார்.

"தங்கச்சி, நீ இதுல நம்பர் எழுது. கையேட்டுல இருக்கிற மாதிரியே எழுதணும். நடுவுல இருக்கிறது ஒண்ணு."

கையேட்டில் ஹெட்டின் படம் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண். அந்த எண்தான் இறுக்கும் வரிசை. அவர் படத்தைப் பார்த்துப் பார்த்து அட்டையில் எழுதினார். 7 எழுதும்போது ஒரு முறை நிறுத்தி, மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். போல்ட்டுகள் அந்தந்தத் துளையில் குத்தி நின்றன.

ஹெட்டைச் சரிசெய்வது

ஹெட் கழன்று வந்ததும் காரணம் தெரிந்தது. கேஸ்கட்டில் ஓர் இடம் கறுத்து எரிந்திருந்தது. தண்ணீர் வழியில் பாதிக்கு மேல் உப்புக் கட்டி.

உப்பையும் பழைய கேஸ்கட் துணுக்கையும் மரச் சில்லால் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும். அந்தக் கோடே புது ஒழுக்குக்கு வழி. சுரண்டும்போது சிலிண்டருக்குள் துணுக்கு விழாமல் துணி அடைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க வேண்டும். சிரிப்பாக இருக்கும். ஆனால் துணியோடு மூடிய எஞ்சின்களும் உண்டு.

அடுத்து, ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமான கண்ணாடி ஒன்று போதும். கண்ணாடி எப்போதும் சமமாக இருக்கும். அதன் மேல் உப்புத்தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டு போடுவது போல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், உயர்ந்த இடம் மட்டும் பளபளக்கும். பள்ளமான இடம் கறுப்பாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி பளபளக்கும் வரை தேய்க்கலாம். அதிகம் வளைந்த ஹெட்டை இப்படி நிமிர்த்த முடியாது. லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

உப்பு அரித்த குழிகளையும் பார்க்க வேண்டும். கேஸ்கட் அமரும் இடத்துக்குக் குறுக்கே குழி ஓடினால், எந்தப் புதுக் கேஸ்கட்டும் தாங்காது. வெல்டிங் வைத்துச் சமப்படுத்த வேண்டும். அல்லது ஹெட்டை மாற்ற வேண்டும். இங்கே பசையைத் தடவி மூடிவிடலாம் என்று சிலர் பார்ப்பார்கள். கரையில் ஓட்டிப் பார்க்கும்போது நிற்கும். கடலில் சூடேறியதும் விட்டுவிடும். மழைக்காலக் கடலுக்கு அந்த வேலை ஆகாது.

கேஸ்கட் எப்போதும் புதிது. கழற்றிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. அது ஒரு முறைதான் அமுங்கும். போல்ட் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, உப்புத் தாங்கும் கிரீஸ் லேசாகத் தடவ வேண்டும். அடுத்த முறை கழற்றும்போது இது உயிரைக் காப்பாற்றும்.

இறுக்குவதற்கு அவசரப்படக் கூடாது. நடுவில் உள்ள 1-லிருந்து தொடங்கி, எண் வரிசைப்படி ஓரத்துக்குப் போக வேண்டும். முதல் சுற்றில் லேசாக. இரண்டாம் சுற்றில் பாதி. மூன்றாம் சுற்றில் முழுதாக. முழுது என்றால் எவ்வளவு? அது கையேட்டில் இருக்கும். அந்த அளவைக் காட்டும் ஸ்பேனருக்கு டார்க் ஸ்பேனர் என்று பெயர். கை பலத்தை நம்பி இறுக்கினால் ஒருவர் கை ஒரு மாதிரி, இன்னொருவர் கை இன்னொரு மாதிரி. ஒரு பக்கம் அதிகம் இறுகினால் ஹெட் மறுபடி வளையும்.

விழிஞ்ஞத்தில் அந்த எஞ்சின் மூன்றாம் நாள் டிரம்மில் ஓடியது. பக்கத்துத் துளையில் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. மெக்கானிக் அதில் கை வைத்துப் பார்த்தார். கை தாங்கும் சூடு. வள்ளக்காரர் கூலியை எண்ணிக் கொடுத்தார். அட்டையை மட்டும் அவர் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர்

இது வேறு ஒழுக்கு. இது மேலே அல்ல, அடியில். விசிறியைச் சுற்ற வைக்கும் பற்சக்கரங்கள் காலின் அடியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டி நிறைய கியர் ஆயில். பெட்டி எப்போதும் கடலுக்குள் மூழ்கியே இருக்கிறது. எங்காவது ஒரு மயிரிழை வழி கிடைத்தால் போதும். தண்ணீர் உள்ளே போய்விடும். ஆயில் வெளியே போய்விடும். பற்சக்கரம் தேய்ந்து ஒரு நாள் உடையும். எஞ்சின் ஓடும், வள்ளம் நகராது.

இதைக் கண்டுபிடிப்பது மிகவும் எளிது. எஞ்சினை ஓர் இரவு நேராக நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் ஆயிலை விடக் கனம். அதனால் அடியில் தங்கும். காலையில் அடியில் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தினால், முதலில் வருவது என்ன என்று பார்க்கலாம். தண்ணீர் வந்தால் ஒழுக்கு உண்டு. ஆயில் பால் கலந்த டீ போல் இருந்தாலும் ஒழுக்கு உண்டு. தண்ணீரும் ஆயிலும் அடித்துக் கலந்த நிறம் அது.

தண்ணீர் எந்த வழியாகப் போகும்? ஆயில் விடும் திருகுகளின் அடியில் சின்ன வாஷர் இருக்கிறது. முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். திருகைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும். பலர் பழையதையே போட்டு இறுக்குகிறார்கள்.

அதற்கு அடுத்தது விசிறித் தண்டின் ஆயில் சீல். இதைக் கெடுப்பது பெரும்பாலும் தங்கூசி. வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அறுந்த தங்கூசி, தண்டில் சுற்றிக்கொள்ளும். விசிறிக்குப் பின்னால் போய் இறுகும். சுற்றச் சுற்றச் சூடேறி, சீலின் ரப்பரைக் கத்தி போல் அறுக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. விசிறியைக் கழற்றினால்தான் தெரியும். வலைத் தொழில் செய்பவர்கள் வாரம் ஒரு முறை விசிறியைக் கழற்றிப் பார்த்தால் நல்லது. பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் விசிறியில் கை வைக்க வேண்டும்.

சீலை மாற்றும்போது, பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். பல எஞ்சினில் இரண்டு சீல் இருக்கும். ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்தும். மற்றது தண்ணீரை வெளியே நிறுத்தும். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும். தண்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அங்கே புது சீல் போட்டும் பயன் இல்லை.

மேலிருந்து இறங்கும் தண்டிலும் ஒரு சீல் உண்டு. அது இம்பெல்லருக்கு அடியில் இருக்கிறது. கியர் மாற்றும் கம்பியிலும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. இவற்றில் எது ஒழுகுகிறது என்று ஊகிக்க வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் துளையில் ஒரு குழாயை மாட்டிக் கைப்பம்பால் காற்று அடிக்கலாம். காலைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். ஆனால் காற்று கொஞ்சமே போதும். மீட்டரில் 10 பவுண்டு காட்டினால் நிறுத்திவிடலாம். அதிகம் அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

புது ஆயிலை அடித் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் ஆயில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நிற்கும். வழிந்ததும் முதலில் மேல் திருகைப் போட வேண்டும். பிறகுதான் கீழ்த் திருகு. மாற்றிச் செய்தால் போட்ட ஆயில் எல்லாம் கீழே கொட்டும்.

கடலிலிருந்து வந்ததும்

கரைக்கு வந்த எஞ்சினை நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் பத்து நிமிடம் ஓட விட்டால், உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் வெளியேறும். தண்ணீர் வழி அடைபடுவதும், போல்ட் இறுகுவதும், ஹெட் அரிப்பதும் இதனால் குறையும். கடற்கரையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊர்கள் உண்டு. அங்கே தினமும் ஒரு டிரம் தண்ணீருக்கு எங்கே போவது? பருவமழையில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கலாம். தண்ணீர் நிறம் மாறும் வரை அதையே சில முறை பயன்படுத்தலாம். தினமும் முடியாதவர்கள் வாரம் இரண்டு முறையாவது செய்யலாம்.

எஞ்சின் காலில் ஒரு துத்தநாகத் துண்டு திருகி வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிப்பதற்குப் பதிலாக அதை அரிக்கும். அது பாதி கரைந்ததும் புதிது போட வேண்டும். அதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

எஞ்சினே கடலில் விழுந்துவிட்டால்

கரையிறங்கும்போது அலை அடித்து வள்ளம் கவிழ்வது உண்டு. அப்போது எஞ்சின் முழுதாக மூழ்கும். ஓடிக்கொண்டே மூழ்கியிருந்தால் கயிறு இழுக்கக் கூடாது. ராடு வளைந்திருக்கலாம். மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்திருந்த எஞ்சின் மூழ்கினால் அன்றைக்கே காப்பாற்றலாம். எடுத்ததும் நல்ல தண்ணீரால் எல்லாப் பக்கமும் கழுவ வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, துளை கீழே இருக்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்தால் தண்ணீர் வடியும். கார்புரேட்டரில் உள்ள தண்ணீரையும் வடிக்க வேண்டும். பிறகு சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, மறுபடி சில முறை மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த பிளக்கையும் புது எரிபொருளையும் போட்டுக் கிளப்பி, டிரம்மில் அரை மணி நேரம் ஓட விட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவோடு இரவாகப் பேரிங்கில் துரு ஏறிவிடும். அன்றைக்கு மெக்கானிக் கிடைக்கவில்லை, கிளப்பவும் முடியவில்லை என்றால், எஞ்சினை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் முழுதாக மூழ்க வைத்துவிடலாம். காற்றில் கிடப்பதை விட அதில் கிடந்தால் துரு மெதுவாகத்தான் ஏறும்.